பற்றாசு: வேற்று உலோகங்களைப் பிணைத்த வரலாறு

யாப்பிலக்கணம் பயின்றோர் ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்பதை அறிவர். முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை பொருந்தாது விட்டிசைக்குமாயின், அவ்விடத்தே ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பது அதன் முறை. அங்ஙனம் இட்ட அசைக்கு ‘ஆசு’ என்று பெயர். பொற்கொல்லர் இரு துண்டுகளைப் பொருத்துதற்கு இடையில் இடும் பற்றாசினை ஒத்தலின் அப்பெயர் வந்ததென்பது உரையாசிரியர் தரும் விளக்கம். செய்யுளின் நுட்பத்தை விளக்கப் புகுந்த அறிஞர் பட்டறையை நோக்கி உவமை தேடினர் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கதொரு செய்தி. ஒவ்வாத இரண்டினை ஒன்றாக்க வேண்டுமாயின் இரண்டிற்கும் இசைவான மூன்றாவதொன்று நடுவே வேண்டும் என்னும் உண்மை அவ்வுவமையில் அடங்கியுள்ளது. இவ்வுண்மையே வேறுபட்ட உலோகங்களைப் பிணைத்த வரலாறு முழுவதிலும் ஊடுசரமாக ஓடுகின்றது.

இரும்பை இரும்போடு ஒட்டுவது ஒரு வித்தை. இரும்பைச் செம்போடோ, அலுமினியத்தை உருக்கோடோ ஒட்டுவது அதனினும் பன்மடங்கு அரியதொரு வித்தை. இதற்குக் காரணங்கள் நான்கு. முதலாவது, உருகுநிலை. வெள்ளீயம் 232 செல்சியசு பாகையிலும், அலுமினியம் 660 பாகையிலும், செம்பு 1085 பாகையிலும், இரும்பு 1538 பாகையிலும் உருகும். ஒன்று நீராய் ஓடும்போது மற்றொன்று கல்லாய் நிற்கும். இரண்டாவது, வெப்பத்தால் விரியும் அளவு ஒவ்வோர் உலோகத்திற்கும் வேறு. சேர்ந்து காய்ந்த இரண்டும் ஒரே அளவில் நீளாமையால் ஒட்டிய இடம் இழுபறிப்படும். மூன்றாவது, சில உலோகங்கள் கலக்குமிடத்தில் கண்ணாடி போல் நொறுங்கும் புதுச் சேர்வைகள் பிறக்கும். நான்காவது, ஈரம் பட்டவுடன் இரு உலோகங்களும் மின்கலமாகி, ஒன்று மற்றொன்றை அரிக்கும். இந்நான்கு பகைகளையும் மனிதன் ஒவ்வொன்றாக எவ்வாறு எதிர்கொண்டான் என்பதே ஈண்டு நாம் ஆராயவிருப்பது.

முதற் பகையை வென்றவர் பொற்கொல்லரே. உருகுநிலை குறைந்த ஒரு கலப்புலோகத்தை இடையில் வைத்து, அதை மட்டும் உருக்கினால், இரு பக்கத்து உலோகங்களும் உருகாமலே பிணையும். இதுவே பற்றாசு. யாழ்ப்பாணத்துப் பத்தர் இதைப் பொடி வைத்து ஊதுதல் என்பர். பொடியோடு வெங்காரமும் வைப்பர். காய்ந்த உலோகத்தின்மேல் காற்றுப் பட்டால் ஒரு மாசுப்படலம் உண்டாகும். அப்படலம் இருக்குமட்டும் எவ்வொட்டும் ஒட்டாது. வெங்காரம் உருகி அம்மாசைக் கரைத்து, காற்றையும் தடுத்து, தூய உலோகம் தூய உலோகத்தைத் தொடும்படி செய்கின்றது. பொடி வைத்துப் பேசுதல் என நாம் வழங்குவதும் இத்தொழிலை நினைவூட்டும்.

இரும்பு வேலையில் இதற்கு ஒப்பானது ‘உருக்கு வைத்தல்’. கோடரி முழுவதையும் உருக்கினாற் செய்தால் ஓங்கி வெட்டும்போது உடைந்துவிடும். முழுவதையும் தேனிரும்பினாற் செய்தாலோ வாய் மழுங்கிவிடும். ஆகவே உடலைத் தேனிரும்பாலும் வாயை உருக்காலும் ஆக்கி, இரண்டையும் உலையிற் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினர். இரண்டும் இரும்பின் இனமே எனினும், காபன் மிகுந்த உருக்கு அதிக வெப்பத்தில் எரிந்து பாழாகும். தேனிரும்போ வெண்சூடு ஏறினாலன்றி ஒட்டாது. ஒரே உலையில் ஒன்றை அதிகமாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் காய்ச்சி, இரண்டும் பதத்திற்கு வரும் அந்தக் கணத்தில் அடிக்க வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லனுக்கு நிறமே அளவுகோல். மணலைத் தூவிப் பொறையை உருக்கி, அடியின் வேகத்தால் அதை வெளியே தெறிக்கச் செய்து ஒட்டினான். கிரேக்க வரலாற்றாசிரியர் எரதோத்தசு, இரும்பை ஒட்டும் கலையைக் கண்டவர் கியோசுத் தீவினரான கிளவுக்கசு என்று எழுதியுள்ளார். எந்நாட்டிலும் கொல்லன் கண்டது ஒன்றே: சூடும் துப்புரவும் அழுத்தமும் ஒருங்கு கூடினால் ஒட்டு நிலைக்கும்.

இலங்கை இக்கலைக்குப் புறம்பான நாடன்று. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் கண்டறியப்பட்டன. கில் யூலெவ் என்னும் ஆராய்ச்சியாளர் அத்தகைய உலை ஒன்றை மீண்டும் கட்டி இயக்கிக் காட்டி, 1996ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டார். கிறித்துவுக்குப் பின் முதலாயிரம் ஆண்டுகளில் அவ்வுலைகள் இயங்கின என்பதும், காபன் மிகுந்த உருக்கு அவற்றிலிருந்து கிடைத்தது என்பதும் அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்தின. அதற்கு முன்னரே, 1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராகப் பணியேற்ற கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, தம் நிலவியல் வேலையினூடே கிராமத்துக் கம்மியரின் பட்டறைகளிலும் அமர்ந்து, இரும்பும் உருக்கும் ஆக்கும் முறைகளைக் கேட்டெழுதினார். 1908இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அச்செய்திகளை இன்றும் காணலாம். கற்றோர் பட்டறைக்குள் நுழைந்தமையால் தப்பிப் பிழைத்த அறிவு அது.

தமிழகத்திற்கு வருவோம். தஞ்சாவூரில் கீழவாசலிலுள்ள பீரங்கி, 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஆக்கப்பட்டது. அதன் நிறை ஏறக்குறைய 22 தொன். அது ஓரின உலோகத்தின் ஒட்டு. அதே நூற்றாண்டில் இந்தியாவின் பிற இடங்களில் ஈரின உலோகங்களாலும் பீரங்கி செய்தனர். கோல்கொண்டாக் கோட்டையின் மூசா புருசு என்னும் கொத்தளத்திலுள்ள பீரங்கி அத்தகையது. உள்ளே தேனிரும்புக் குழல். வெளியே வெண்கல வார்ப்பு. வெண்கலம் இரும்பினும் மிகக் குறைந்த வெப்பத்தில் உருகுமாதலால், உருகிய வெண்கலத்தை இரும்புக் குழலைச் சூழ வார்த்தால் குழல் கெடுவதில்லை. பின்னர் ஆறும்போது வெண்கலம் இரும்பைவிட அதிகமாகச் சுருங்கி, வண்டிச் சில்லை இறுக்கும் பட்டம் போல் குழலை இறுகப் பற்றிக்கொள்கின்றது. உருகுநிலை வேறுபாடும் விரிவு வேறுபாடும் பகைகள் என்றோம். அப்பகைகளையே வேலைக்காரராக மாற்றிய திறமை இது. தஞ்சாவூர்த் தட்டுச் செய்வோர் வேறொரு வழி கண்டனர். பித்தளைத் தட்டின்மேல் வெள்ளியிலும் செம்பிலும் புடைத்த உருவங்களை, அரக்கு நிரப்பி, விளிம்புகளைத் தட்டி இறுக்கிப் பொருத்தினர். அங்கே நெருப்பின் உதவியே பெரிதில்லை.

மேலைநாட்டாருக்கு விரிவு வேறுபாட்டின் அருமையை உணர்த்தியவர்களுள் ஒருவர் தச்சராயிருந்து மணிப்பொறி செய்தவரான யோன் அரிசன். கடலோடிகள் நெட்டாங்கை அறிதற்கேற்ற கடிகாரத்தைச் செய்ய முயன்ற அவர், தமது மூன்றாவது பொறியில் பித்தளைப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் தறைந்து சேர்த்தார். வெப்பம் ஏறப் பித்தளை அதிகம் நீளும், பட்டை வளையும், அவ்வளைவு கடிகாரத்தின் பிழையைத் திருத்தும். இன்று நம் வீடுகளில் மின் அழுத்தி சூடானதும் தானே அணைவதற்கும் அத்தகைய ஈருலோகப் பட்டையே காரணம். இழுபறியைக் கெடுதியென்று மட்டும் எண்ணாது, அதை அளந்தறிந்தவன் அதைப் பயன்படுத்தவும் கற்றான்.

நான்காம் பகையாகிய அரிப்பினை உலகிற்குக் காட்டியது ஒரு கப்பல். பிரித்தானியக் கடற்படையினர் 1761ஆம் ஆண்டில் ‘அலாம்’ என்னும் கப்பலின் அடியைச் செப்புத் தகட்டினால் மூடினர். கடற்புழு மரத்தைத் துளைக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. கப்பல் மேற்கிந்தியக் கடலுக்குச் சென்று திரும்பியபின் சோதித்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அதனைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்து உருக்குலைந்திருந்தன. சில ஆணிகள் மட்டும் பழுதின்றி இருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களில் அகற்றப்படாது செம்புக்கும் ஆணிக்கும் இடையே கிடந்தமையே அதற்குக் காரணமெனக் கண்டனர். வோல்ற்றாவின் மின்கலம் பிறந்தது 1800இல். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு துண்டுக் காகிதம் அப்பாடத்தைக் கற்பித்துவிட்டது! 1824இல் அம்பிரி தேவி, செம்பைக் காப்பதற்கு இரும்பையோ நாகத்தையோ தெரிந்தே பலி கொடுக்கலாம் என்று காட்டினார். ஆயினும் பாடம் மறக்கப்படுவதுண்டு. 1886இல் நியூயோர்க்குத் துறைமுகத்தில் நிறுவப்பட்ட சுதந்திர தேவி சிலையில் செப்புத் தோலுக்கும் உள்ளிருந்த இரும்புச் சட்டத்துக்கும் இடையே வைத்த தடுப்புக் காலப்போக்கில் கெட்டது. இரும்பு துருவேறிப் புடைத்தது. 1980களில் அச்சட்டத்தை அகற்றிப் பெரும்பாலும் கறையில் உருக்கினால் மாற்றியமைத்தனர்.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. புத்தூரின் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் உள்ளன என்பதை ஊரார் யாவரும் அறிவர். குடாநாட்டின் நிலத்தடி நீரின் இயல்பே இது: சுண்ணக்கல்லில் தேங்கிய மழைநீர் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. உவர் ஏறிய நீரில் நிற்கும் இரும்புக் குழாயோடு பித்தளைப் பொருத்தை நேரே பூட்டினால், குழாயின் இரும்பே இரையாகும். எவ்வளவு இறுக்கிப் பூட்டினோம் என்பதில் அதன் ஆயுள் இல்லை. எதனை எதனோடு பூட்டினோம் என்பதிலேயே உள்ளது. தோட்டக்காரன் ஒருவனின் ஒரு போகத்து வெங்காயம் அந்தச் சிறு பொருத்தில் தங்கியிருக்கலாம்.

இனி மின்சாரத்தின் காலம். உருசிய நாட்டவரான பெனார்தோசு 1880களில் காபன் கோலிலிருந்து மின்வில் தோற்றுவித்து உலோகத்தை ஒட்டினார். அவர் நாட்டவரான சிலாவியானொவ் 1888இல் காபன் கோலுக்குப் பதிலாக உலோகக் கோலையே பயன்படுத்தினார். கோலே உருகி ஒட்டினை நிரப்பியது. ஒவ்வாத உலோகங்களையும் தம் முறையால் ஒட்டலாம் என்பதைக் காட்ட அவர் ஒரு கிண்ணம் செய்தார். செம்பு, வெண்கலம், நிக்கல், உருக்கு, வார்ப்பிரும்பு முதலாக எட்டு வகை உலோகங்களை அடுக்கடுக்காய் ஒட்டிக் கடைந்த கிண்ணம் அது. 1893ஆம் ஆண்டு சிக்காகோப் பெருங்காட்சியில் அது வைக்கப்பட்டுப் பரிசும் பெற்றது. அதே ஆண்டு செப்ரெம்பரில், அதே பெருங்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வமத மகாசபையிலேயே சுவாமி விவேகானந்தர் பேசினார். நாடுகள் யாவும் தத்தம் கைத்திறனைக் கொண்டுவந்து குவித்த நகரத்தில் சமயங்கள் ஒருங்கிருந்து பேசின என்பதை நாம் நினைவிற்கொள்வது நன்று. 1897 சனவரியில் சுவாமிகள் யாழ்ப்பாணத்திற்கும் எழுந்தருளி, இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

ஆயினும் கிண்ணம் ஒட்டுவது வேறு, கொதிகலன் ஒட்டுவது வேறு. கிண்ணம் பேழைக்குள் இருக்கும். கொதிகலனோ ஆண்டுக்கணக்காக நெருப்பிலும் அழுத்தத்திலும் நிற்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டவரான ஒசுக்கார் செல்பெர்க்கு, ஒட்டுக்கோலுக்கு மேற்பூச்சு இட்டார். அப்பூச்சு எரிந்து ஆவியாயும் கசடாயும் உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காத்தது. பத்தரின் வெங்காரம் செய்த வேலையே அது. 1912, 1913ஆம் ஆண்டுகளை அடுத்துக் கறையில் உருக்குகள் தோன்றின. மின்னிலையங்களிலே வெப்பம் மிகுந்த பகுதிக்குக் குறோமியமும் நிக்கலும் கலந்த கறையில் உருக்கும், வெப்பம் குறைந்த பகுதிக்கு மலிவான குறோமியம்-மொலித்தன உருக்கும் வேண்டியிருந்தன. இரண்டும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்தே ஆகவேண்டும். அச்சந்தியிலேதான் வெடிப்புகள் தோன்றின.

ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாகை வெப்பத்திற்குக் குறோமியம்-மொலித்தன உருக்கு தன் நீளத்தின் பத்திலட்சத்தில் ஏறக்குறைய 14 பங்கும், கறையில் உருக்கு ஏறக்குறைய 18 பங்கும் நீளும். ஒரு மீற்றர் குழாய் 500 பாகை காய்ந்தால் முன்னது 7 மில்லிமீற்றரும் பின்னது 9 மில்லிமீற்றரும் விரியும். உலை மூட்டும்போதும் அணைக்கும்போதும் இந்த 2 மில்லிமீற்றர் வேறுபாடு ஒட்டினை அலைக்கழிக்கும். இதற்கு மேலும் ஒரு தீங்குண்டு. நெடுங்காலச் சூட்டில் காபன் அணுக்கள் குறோமியம் குறைந்த உருக்கை விட்டுக் குறோமியம் மிகுந்த ஒட்டினை நோக்கி நகர்கின்றன. ஒரு பக்கம் மென்மையாகிறது, மறுபக்கம் கடினமாகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லைக் கோட்டிலேயே பிளவு தொடங்கும். வேறுபட்ட உருக்குகள் கலந்தால் எத்தகைய அமைப்பு விளையும் என்று முன்கூட்டிக் கணிக்க உதவும் படத்தை 1949இல் அந்தன் சேவ்லர் வெளியிட்டார். பின்னர், உருக்கு நிரப்புக்குப் பதிலாக நிக்கற் கலப்புலோக நிரப்பை இட்டால் ஒட்டின் ஆயுள் பெரிதும் நீளும் என்பது தெளிவாயிற்று. நிக்கற் கலவை காபனின் நகர்ச்சியைத் தடுப்பதோடு, விரிவிலும் இரண்டிற்கும் இடைப்பட்டு நிற்கின்றது. மீண்டும் பற்றாசு!

இத்துறையில் தமிழகம் ஆற்றிய பணி போற்றத்தக்கது. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1975இல் அதே நிறுவனம் அவ்வூரில் ஒட்டுவேலைக்கெனவே தனியானதோர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. 1971இல் கல்பாக்கத்தில் அணுவுலை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்ற நிறுவனத்திலும் இவ்வினா எழுந்தது. அங்கே வகுத்த வேகப் பெருக்க உலையில் உருகிய சோடியம் ஓடும் குழாய்கள் கறையில் உருக்கினால் ஆனவை. நீராவி பிறப்பாக்கியோ குறோமியம்-மொலித்தன உருக்கினால் ஆனது. சோடியமும் நீரும் சந்தித்தால் தீப்பற்றும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அத்தகைய இடத்தில் ஒட்டு தவறலாகாது.

அங்குள்ள அறிவியலார் கண்ட வழி யாதெனில், இரண்டையும் நேரே ஒட்டாது, நடுவே ‘கலவை 800’ எனப்படும் இரும்பு-நிக்கல்-குறோமியக் கலப்புலோகத்தால் ஆன ஒரு துண்டுக் குழாயை வைத்தல். அதன் விரிவு ஏறக்குறைய 17. அத்துண்டுக்கும் குறோமியம்-மொலித்தன உருக்குக்கும் இடையே நிக்கல் நிரப்பு. மறுபுறத்தில் கறையில் உருக்குக்கு ஏற்ற வேறொரு நிரப்பு. ஒரே பாய்ச்சலாய் இருந்த வேறுபாடு படிப்படியாக இறங்கும் படிக்கட்டாயிற்று. சோதனைகளில் இம்மூவுலோகப் பிணைப்பு பழைய ஈருலோகப் பிணைப்பினும் பன்மடங்கு நீண்ட ஆயுளைக் காட்டியது. ஓரிடத்தில் இருந்த ஒட்டு ஈரிடமாய்ப் பெருகியதும், ஆயுள் கூடியதும் முரண்போலத் தோன்றலாம். ஒட்டின் எண்ணிக்கையன்று, ஒவ்வோர் ஒட்டும் தாங்கும் சுமையே முக்கியம் என்பது கருத்து.

மூன்றாம் பகையாகிய நொறுங்கும் சேர்வை, அலுமினியமும் இரும்பும் கூடுமிடத்தில் பெரிதாய்த் தலைகாட்டும். உருக்கி ஒட்டினால் சேர்வைப் படலம் தடித்துவிடும். ஆகவே உருக்காமலே ஒட்ட முயன்றனர். வெடிமருந்தின் விசையால் ஒரு தகட்டை மற்றொன்றின்மேல் மோதச் செய்யும் முறை 1960களில் தொழிலுக்கு வந்தது. உருக்குக் கப்பலின்மேல் அலுமினிய மேற்கட்டைப் பொருத்துவோர், அவ்வாறு ஒட்டிய ஈரின உலோகப் பட்டையை நடுவே வைத்து, உருக்குப் பக்கத்தை உருக்கோடும் அலுமினியப் பக்கத்தை அலுமினியத்தோடும் இணைக்கின்றனர். 1991இல் இங்கிலாந்தின் ஒட்டுவேலை நிறுவனத்தில், சுழலும் கருவி ஒன்றைப் பொருத்தில் அமிழ்த்தி, உராய்வுச் சூட்டால் உலோகத்தைக் குழையச் செய்து பிசைந்து ஒட்டும் முறை பிறந்தது. உலோகம் உருகுவதில்லை, சேர்வைப் படலமும் மிக மெல்லியதாய் அடங்குகின்றது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோகப் பிணைப்பு ஆராய்ச்சிக்கென அமைந்த மையம் இம்முறையைப் பரக்க ஆராய்ந்து வருகின்றது. சூடும் துப்புரவும் அழுத்தமும் என்னும் கொல்லனின் பாடமே மீண்டும் புது உருவில் வந்திருக்கிறது எனலாம்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் படிப்பினை யாது? எல்லாம் நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது என்று மார்தட்டுவோரும் உளர். அவர்க்கு ஒன்றுமே தெரியாது என்று நகைப்போரும் உளர். இரண்டும் பிழை. நம் கம்மியர் கையாலும் கண்ணாலும் அறிந்தனர். ஏனென்று எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தோர் பட்டறைக்குள் செல்லவில்லை. ஏட்டுக் கல்வி உயர்ந்தது, சுத்தியல் தாழ்ந்தது என்ற பேதத்தால் நாம் இழந்தது எவ்வளவென்று கணக்கிட இயலாது. யாப்பிலக்கண உரையாசிரியர் பட்டறையில் உவமை தேட வெட்கப்படவில்லை. கலாயோகி அங்கே அமர்ந்து எழுத வெட்கப்படவில்லை. நாம் மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்?

மின்சாரமும் எரிபொருளும் அரிதாகிப்போன 1990களில் குடாநாட்டுப் பட்டறைகளின் அருமையை அனுபவித்தறிந்த மூத்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். கிடைத்த இரும்பை எப்படிக் காய்ச்சினார், எதற்கு எதை நிரப்பாக இட்டார், எந்த ஒட்டு நிலைத்தது, எது விட்டது என்பன அவர்கள் நெஞ்சில் உள்ளன. விடுமுறை நாட்களில் சங்கத்து இளைஞர் இருவர் இருவராய்ச் சென்று, ஊரிலுள்ள கொல்லரிடமும் பத்தரிடமும் வெல்டிங் வேலை செய்வோரிடமும் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கலாம். பட்டறையிலுள்ள தம்பிமாருக்கு உருகுநிலை, விரிவு, அரிப்பு ஆகியவற்றை நாம் சொல்லிக் கொடுக்கலாம். அவர்கள் நமக்குப் பதம் பார்க்கக் கற்றுத் தரலாம். ஏடும் உலையும் இரு வேறு உலோகங்களாய் நம் ஊரில் நெடுங்காலம் விலகி நின்றன. அவற்றிடையே வைக்கத்தக்க பற்றாசு இளைஞராகிய நாமே.